பதினாறு வருடம் பார்த்த வேலைக்கு ஒரு நேர்முகத் தேர்வு

எனக்கு அறுபத்தொன்பது வயது ஆகிறது. பெற்றது மூன்று பிள்ளைகள். மதுரையில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்து வளர்த்தது நூற்று நாற்பதுக்குக் குறையாது. பேர் சொல்லச் சொன்னால் ஒரே மூச்சில் அறுபது பேர் வரைக்கும் சொல்லிவிடுவேன். மீதிப் பேரை முகத்தைப் பார்த்தால் சொல்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஒரு பக்கம் எழுது என்றால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். என் வாயில் வருவதை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாளாம். சரி என்றேன். ஆனால் அவரவர் பேசிய பேச்சைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் ஜெசிந்தா. என்னோடு இல்லத்தில் வேலை பார்த்தவள். இன்று அதே இல்லத்துக்கு அவள்தான் கண்காணிப்பாளர். போன வாரம் போன் செய்தாள்.

"பெரியம்மா, புதுசா நாலு இல்லத்தாய் எடுக்கப் போறோம். இன்டர்வியூக்கு வாரவுக எல்லாரும் ஒரே பதிலைச் சொல்றாக. எதக் கேட்டாலும் 'எனக்குக் குழந்தைங்கன்னா உயிரு'ங்கிறாக. செல்லுல பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்துர்றாக."

"நீ எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அதானடி?" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அதத்தான் எழுதிக் குடுங்கங்கிறேன். ஒங்க இன்டர்வியூ கதைய. வாரவுக கையில குடுத்து முதல்ல இத வாசிங்கம்மான்னு சொல்லுவேன்."

"அசிங்கமால்ல இருக்கும்?"

"இருந்துட்டுப் போகட்டும். பதிமூணு வருசமாச்சு."

எனக்கு ஊர் திருவாதவூர். வில்லாபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார். மூன்றாவது பிள்ளை எட்டாவது படிக்கும்போது அவர் தவறிவிட்டார். நாற்பது வயதில் வேலை தேடி அந்த இல்லத்து வாசலில் போய் நின்றேன். அன்று எனக்கு நேர்முகத் தேர்வு ஒன்றும் கிடையாது. சலோமி டீச்சர்தான் அப்போது கண்காணிப்பாளர். "கையக் காட்டுங்க," என்றார். காட்டினேன். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. "நாளைக்குக் காலையில வந்திருங்க," என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற கைக்கு நகம் இருக்கக் கூடாது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

சலோமி டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். நல்ல உயரம். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும் வெள்ளைப் பூப்போட்ட சேலைதான் கட்டுவார். பதிவேட்டை வாசிக்கும்போது ஒரு அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். சத்தம் போட்டு ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நாம் செய்தது தப்பாக இருந்தால், "அழகம்மா, இத இன்னொருக்கா செய்யலாமா?" என்பார். அந்த 'லாமா'வுக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு பிள்ளை அறைக்குள் வந்தால் உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "கண்ணாடியோட பாத்தா அதுக்கு நான் போலீஸ் மாதிரி தெரிவேன்," என்றார்.

புதுப் பிள்ளை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. செய்து காட்டினார். முதலில் தண்ணீர். பிறகு சாப்பாடு. பிறகு கக்கூசைக் காட்ட வேண்டும். கதவின் தாழ்ப்பாளைப் பிள்ளையையே ஒரு தடவை போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். பிறகு அது படுக்கப் போகிற பாயும் தலையணையும். அதுக்கெல்லாம் பிறகுதான் பேரைக் கேட்பது. வந்த உடுப்போடு அது இருக்க ஆசைப்பட்டால் இருக்கட்டும். கழற்றினால் அதை மடித்துத் துணிப்பையில் போட்டுப் பேர் எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு கந்தலாக இருந்தாலும் எறியக் கூடாது. "அதுக்கு வீட்டுல இருந்து வந்த பொருளு அது ஒண்ணுதான்," என்பார். அப்பா எங்கே, அம்மா எங்கே என்று நாமாகக் கேட்கக் கூடாது. அதுவாகக் கேட்டால், "தெரியல, கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு வருவார்கள், நாளான்னைக்கு வருவார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது.

இன்னொரு விதியும் இருந்தது. பிள்ளைகள் எங்களைப் பெரியம்மா, சித்தி, அக்கா என்று கூப்பிடலாம். அம்மா என்று கூப்பிடப் பழக்கக் கூடாது.

மற்ற எல்லா விதிக்கும் தலையாட்டினேன். இது ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்குப் பேரே இல்லத்தாய். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், அந்த அறைக்கு வீடு என்று பேர், வீட்டுக்கு ஒரு தாய். பேன் பார்க்கிறது நான், காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறது நான், பெரிய மனுஷியான பிள்ளைக்குத் துணி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறது நான். அம்மா என்று கூப்பிட்டால் மட்டும் ஆகாதா? டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை, அதனால்தான் இந்தச் சட்டம் என்று எனக்குள் ஒரு கெட்ட நினைப்பு இருந்தது. எனக்கு என் வளர்ப்பில் பெருமை ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாராவது கேட்டால், "நான் நூறு பிள்ளைக்கு ஆத்தா," என்பேன்.

அந்தப் பெருமைதான் என்னைத் தூக்கிப் போட்டது.

வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடம் ஆனபோது புது உத்தரவு வந்தது. எல்லாரையும் முறைப்படி நேர்முகத் தேர்வு வைத்துத்தான் நியமிக்க வேண்டும், ஏற்கனவே வேலையில் இருப்பவர்களும் வர வேண்டும் என்று. எந்தப் பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். தேறாதவர்கள் அந்த வேலையில் இருக்க முடியாது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஜெசிந்தா பிளஸ் டூ முடித்தவள். அவளுக்குப் பயம் இல்லை.

"பெரியம்மா, ஒரு மாசம் இருக்கு. நான் நோட்டுல எழுதித் தாரேன், நீங்க உருப்போட்டுருங்க," என்றாள்.

எழுதினாள். பிள்ளைகளைக் கவனிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டாள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

"நான் திருவாதவூர்ல பெறந்தேன். எங்க அய்யாவுக்கு ரெண்டு பொண்டாட்டி…"

"அய்யோ, அதெல்லாம் வேணாம்! பேரு, வயசு, அனுபவம். மூணே மூணு."

"கேட்டது அவுகதானடி?"

"கேப்பாக, ஆனா கேக்க மாட்டாக. அடுத்தது. உங்கள் பலவீனம் என்ன?"

"மூட்டு வலி."

ஜெசிந்தா நோட்டால் தலையில் அடித்துக்கொண்டாள். "'வேலையில் நேரம் போவதே எனக்குத் தெரியாது, அதுதான் என் பலவீனம்'னு சொல்லணும்."

"அது பொய்யில்ல? நேரம் போறது எனக்கு நல்லாத் தெரியும். ஆறு மணி ஆனா மூட்டு சொல்லிரும்."

பிள்ளைகளுக்கு இது நல்ல பொழுதுபோக்காகப் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்று பேர் பெஞ்சில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி ஜெசிந்தாவின் கண்ணாடியைப் போட்டுக்கொள்வாள். "மே ஐ கம் இன் கேட்டுட்டு வாங்க பெரியம்மா!" என்று கதவுக்கு வெளியே என்னை அனுப்புவார்கள். "பெரியம்மா ஃபெயிலு! திரும்ப வாங்க!" என்று கத்துவார்கள். நானும் போவேன், வருவேன்.

சுவரோரம் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதுதான் பவித்ரா. ஏழு வயது.

பவித்ரா வந்தது புது உத்தரவு வந்த அதே வாரத்தில்தான். ஊர் அவனியாபுரம். அப்பா இறந்து இரண்டு வருடம். அம்மா பேர் செல்வி. அவளுக்கு டி.பி. முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆறேழு மாதம் வைத்தியம், பிள்ளையைப் பக்கத்தில் விடக் கூடாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் குழுவின் மூலமாக எங்களிடம் வந்தது. ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். சோறு போட்டேன். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தது. பாயைக் காட்டினேன். பேரைக் கேட்டேன். அதுவரைக்கும் விதிப்படி ஒன்றும் பிசகவில்லை.

வாயாடிப் பிள்ளை அது. தலை சீவி விடட்டுமா என்றேன். முன்னால் வந்து உட்கார்ந்தது. சீவச் சீவப் பேச்சு.

"எங்க பக்கத்து வீட்டுல காளை இருக்கு தெரியுமா? வாடிவாசல்ல அத ஒருத்தரும் பிடிச்சதில்ல. அதுக்குப் பேரிச்சம்பழம் குடுப்பாக. எனக்கு ஒண்ணு தாங்கன்னா தர மாட்டாக. நான் அது வாய்க்குப் பக்கத்துல இருந்தே எடுத்துத் தின்னுருக்கேன்."

"அடியாத்தி! முட்டாதா?"

"என்னைய முட்டாது. எங்கம்மாவத்தான் முட்ட வரும். எங்கம்மா செவப்புச் சேலை கட்டியிருந்துச்சு."

 பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டது.

"எங்கம்மா எப்ப வருவாக?"

தெரியல தாயி, கேட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினாறு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன். அன்று அந்தப் பிள்ளையின் பின்னங்கழுத்தில் ஒரு சிரங்குத் தழும்பு. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. கட்டிப்பிடித்துச் சொன்னேன்.

"இனிமே நான்தான் தாயி ஒனக்கு அம்மா."

பிள்ளை அப்படியே இருந்தது. பின்னல் போட்டு முடித்தேன். ரிப்பன் கட்டினேன். வேறு என்னவோ கேட்டேன், பதில் இல்லை. களைப்பு போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையிலும் பேசவில்லை. ஜெசிந்தா பதிவேட்டை வைத்துக்கொண்டு கேட்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாள், கடைசியில் நான் கையெழுத்துப் போடுவேன்.

"புதுப் பிள்ள பேசுச்சா பெரியம்மா?"

பேசியது என்றால் என்ன பேசியது என்று கேட்பாள். ஏன் நிறுத்தியது என்று டீச்சர் கேட்பார். நான் என்ன சொன்னேன் என்பது வெளியே வரும். வேலையே ஊசலாடுகிற நேரம்.

"இல்ல," என்றேன்.

"வந்ததிலிருந்து பேசவில்லை" என்று அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன்.

இன்றைக்குப் பேசிவிடும், நாளைக்குப் பேசிவிடும், அப்புறம் இது ஒரு பேச்சாகவே இருக்காது என்று நினைத்தேன். பேசவில்லை. சோறு வைத்தால் நாலு வாய் தின்னும். குளிக்கக் கூப்பிட்டால் வரும். ஒரு சத்தம் கிடையாது. பிள்ளைகள் ஜாடையிலேயே அதோடு விளையாடக் கற்றுக்கொண்டார்கள். நான் மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா இருக்கேன்ல, அம்மாகிட்ட சொல்லு," என்று இன்னும் இன்னும் கொஞ்சினேன். கொஞ்சக் கொஞ்ச அது உடம்பை ஒடுக்கிக்கொண்டது. எனக்கு ஏன் என்று புரியவில்லை. ஒவ்வொரு வாரமும் பதிவேட்டில் அதே வரி. ஒவ்வொரு வாரமும் என் கையெழுத்து.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"அழகம்மா, பவித்ரா கேஸு குழுவுல பாத்திருக்காங்க. வந்ததுல இருந்தே பேசலைங்கிறதால, பிறவியிலயே பேச்சு இல்லாத பிள்ளையோன்னு சந்தேகப்படுறாங்க. வேற மாவட்டத்துல அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கு. அங்க மாத்தலாமாங்கிறாங்க. அம்மாவக் கேக்கலாம்னா அவ பேசுற நெலமையில இல்ல. அவுக தெருவுல விசாரிக்கச் சொல்லியிருக்கேன், இன்னும் ஆள் போகல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தொண்டை வரைக்கும் வந்தது. "தெரியல டீச்சர்," என்றேன்.

முதலில் தேறிவிடுவோம், வேலை கையில் இருந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த நாலு நாளும் நோட்டை உருப்போட்டேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள், நான் 'என் பலவீனம்' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

தேர்வு அன்று ஜெசிந்தா தன் சேலை ஒன்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிவிட்டாள். ஆபீஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் புதிதாக வேலை கேட்டு வந்த ஆறேழு பெண்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் ஃபைல். என் கையில் ரேஷன் கார்டும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழும். பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க ஆச்சி. யாரு கூட வந்திருக்கீங்க?"

"நான்தான் ஆத்தா வந்திருக்கேன்," என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு என் கடைசிப் பிள்ளை வயதுதான் இருக்கும், அவளும் உதட்டுக்குள் பதிலை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான்.

உள்ளே டீச்சரும், குழுவிலிருந்து வந்த சாரும். அவர் நல்ல மனிதர்தான். காலையிலிருந்து உட்கார்ந்து அலுத்துப்போயிருந்தார். என்னைப் பற்றிக் கேட்டார்; மூன்றே மூன்று சொன்னேன். பலவீனம் கேட்டார், நேரம் போவதே தெரியாது என்றேன். ஒரு குழந்தை சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "குழந்தையின் மனநிலையை அறிந்து அன்போடும் பொறுமையோடும்…" என்று ஆரம்பித்து நிற்காமல் முடித்தேன்.

சார் சிரித்தார். "நல்லா மனப்பாடம் பண்ணிருக்கீங்கம்மா. பதினாறு வருச அனுபவம், டீச்சரும் நல்லபடியாச் சொல்றாங்க. படிப்பு கம்மி, அதப் பாத்துக்கலாம்."

எனக்கு மூச்சு இறங்கியது. தேறிவிட்டேன்.

அவர் மேசையில் இருந்து இன்னொரு ஃபைலை எடுத்தார். "வந்த எடத்துல இந்த வேலையும் முடிச்சிட்டுப் போறேன். பவித்ரா உங்க வீட்டுப் பிள்ளைதானே? வந்ததுல இருந்து பேசல. இது எல்லாம் உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா சார்."

"அப்ப மாத்துறதுக்கு இன்னைக்கே எழுதிறலாம் டீச்சர்."

பேனா மூடியைக் கழற்றினார். நான் எழுந்து கும்பிட்டு வெளியே வந்தால் போதும். எழுந்துவிட்டேன். ஆனால் கால் வாசல் பக்கம் திரும்பவில்லை.

"சார், அது பேசுச்சு," என்றேன்.

"யாரு?"

"பவித்ரா. வந்த அன்னைக்கிப் பேசுச்சு. நல்லாப் பேசுச்சு. காளைக்கி வச்ச பேரிச்சம்பழத்த எடுத்துத் தின்னேன்னு சொல்லுச்சு. தலை சீவி முடிக்கிற வரைக்கும் வாய் மூடல."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிள்ளைகளுக்கு மட்டும்தான் அப்படிச் செய்வார் என்று சொன்னேன் அல்லவா.

"அப்புறம் ஏன் அழகம்மா நிறுத்துச்சு?"

"அம்மா எப்ப வரும்னு கேட்டுச்சு டீச்சர்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இனிமே நான்தான் ஒனக்கு அம்மான்னு சொன்னேன்."

சொன்னேன். அந்த அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், அந்நியர் ஒருவர் முன்னால் சொன்னபோதுதான் அந்தப் பேச்சு என் காதிலேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சை எங்கே பேசுவார்கள்? எழவு வீட்டில்தான். பாடையைத் தூக்கின பிறகு, யாராவது ஒரு சித்தியோ அத்தையோ வந்து தாயில்லாத பிள்ளையைக் கட்டிக்கொண்டு சொல்வது அது. இனிமே நான்தான் ஒனக்கு அம்மா. உயிரோடு இருக்கிற தாயின் பிள்ளையிடம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நான் பாசம் என்று நினைத்துச் சொன்னது, அந்தப் பிள்ளைக்குச் சாவுச் செய்தி. அது தெரியாமல் ஒரு மாதமாக அதை மடியில் போட்டு, "அம்மா இருக்கேன்ல," என்று தினம் தினம் கருமாதி செய்திருக்கிறேன்.

மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். உட்காரச் சொல்லாமலேயே. "அய்யோ டீச்சர், அந்தப் பிள்ள ஆத்தா செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சிருக்கும்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

சார் ஃபைலில் இருந்த என் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஒரு மாசமா பொய் எழுதிருக்கீங்க."

"நான் எழுதல சார். எழுதின பிள்ளைக்கி ஒண்ணும் தெரியாது. நான் சொன்னத எழுதுச்சு. பொய்யி என்னோடது."

பேனா மூடியை மாட்டிவிட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் அந்தப் பெண், "என்ன ஆச்சி, கஷ்டமா கேட்டாங்களா?" என்றாள். "இல்ல ஆத்தா, சுலுவாத்தான் கேட்டாக," என்றேன்.

டீச்சரே வெளியே வந்து சொன்னார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"பவித்ராவ மாத்தல. இங்கயே இருப்பா. ஆனா உங்கள இல்லத்தாயா எடுக்க முடியாது அழகம்மா. அம்மான்னு சொன்னது தப்புத்தான், ஆனா அது பிரியத்துல வந்தது. பதிவேட்டுல மறைச்சதுக்குத்தான் இது. அந்தப் பதிவேட்ட நம்பித்தான் ஒரு பிள்ளைய எங்க அனுப்புறதுன்னு முடிவு பண்றாங்க. அடுப்படியில ஆள் வேணும். ஆறு மாசம் அங்க இருங்க. பயிற்சி வகுப்பு இருக்கு, போங்க. அப்புறம் திரும்ப எழுதிப் போடுங்க."

பதினாறு வருடம் பார்த்த வேலை போய்விட்டது. நூறு பிள்ளைக்கு ஆத்தா, இனிமேல் பருப்பு வேகவைக்கிறவள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஒண்ணும் அடுப்படி வேணாம். எங்க ஊர்ல தம்பி இருக்கான், வெவசாயம் இருக்கு, நான் கெளம்புறேன்," என்றேன்.

"கெளம்புங்க," என்றார் டீச்சர். "அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைகிட்டப் போயி, சொன்னதத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. அத வேற யாரும் செய்ய முடியாது."

பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் ஊருக்குப் போகவில்லை. ஆறு மாதம் அடுப்படியில் இருந்தேன். பயிற்சிக்குப் போனேன், பாதி புரிந்தது. இரண்டாவது தடவை நேர்முகத் தேர்வுக்குப் போனபோது நோட்டு ஒன்றும் உருப்போடவில்லை. டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புதுசா வந்த பிள்ள, எங்கம்மா எப்ப வருவாகன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" "தெரியல, கேட்டுச் சொல்றேன்னு சொல்வேன். கேட்டும் சொல்வேன்," என்றேன். அன்றைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் இல்லத்தாயாக இருந்துதான் ஓய்வு பெற்றேன். எந்தப் பிள்ளையும் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. பவித்ராவை அவள் அம்மா ஒன்பதாவது மாதம் வந்து கூட்டிப் போனாள். எலும்பும் தோலுமாக, ஆனால் நடந்து வந்தாள். கணவன் செத்த அன்று பிறகு எட்டியே பார்க்காத தன் அண்ணன்காரன் பவித்ராவைத் தூக்கி, "இனிமே மாமாதான் ஒனக்கு அப்பா," என்று சொன்னதாக அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இல்லத்தில் வேலைக்கு வருகிற பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பதில்களை உருப்போடுங்கள், தப்பில்லை, நானும் போட்டேன். ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, ஒரு பிள்ளையிடம் நீங்கள் சொல்லக் கூடாததைச் சொன்னது எப்போது, அதை யாரிடம் மறைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி. அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்த வேலையில் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

முதல் தேர்வு நடந்த அன்று, டீச்சர் சொன்னபடி நேரே எங்கள் வீட்டு அறைக்குப் போனேன். மத்தியானம், விடுமுறை நாள். மற்ற பிள்ளைகள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். பவித்ரா சுவரோரம் உட்கார்ந்திருந்தது. நான் மடியில் தூக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தேன். கஞ்சிச் சேலை மடங்க மாட்டேன் என்றது.

"பவித்ரா, நான் ஒங்கிட்ட ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். நான் ஒங்கம்மா இல்ல. என் பேரு அழகம்மா. ஒங்கம்மா பேரு செல்வி. அவ ஆஸ்பத்திரியில இருக்கா. மருந்து குடுக்குறாக. அவ உசுரோட இருக்கா."

என் முகத்தையே பார்த்தது. நான் நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததைச் சொல்லக் கூடாது. வெளியே பிள்ளைகள் கத்துகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"சத்தியமா?" என்றது.

தொண்டை கட்டிப்போன குரல். ஒரு மாதமாகப் பேசாத குரல் அப்படித்தான் இருக்கும் போல.

"சத்தியமா. டீச்சரக் கேளு. பெரிய டாக்டரக் கேட்டு, எப்ப வருவான்னு நான் ஒனக்கு வந்து சொல்றேன்."

அழவில்லை. கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது.

"அப்ப நீங்க யாரு?"

பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அன்று காலையில் கேட்டிருந்தால் பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான் இங்க சோறாக்குறவ," என்றேன்.

அது என்னை மேலும் கீழும் பார்த்தது.

"இன்னைக்கு என்ன கொழம்பு?" என்றது.

அவ்வளவுதான். கயலு, எழுதிட்டியா? எங்க, மொதல்ல இருந்து சத்தமா வாசி. நான் பொய் சொன்னேன்னு வார எடத்துல பேத்திங்கிற பாசத்துல எதையாச்சும் மாத்தி எழுதியிருந்தியன்னா, நான் சொன்னபடி திருத்திட்டு வாசி.